தூண்டில் முள் கிடந்த டப்பா

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும், அக்கா.

முழங்கை மடிப்பில் ஒட்டிய பஞ்சை இன்னும் எடுக்கவில்லை. ஸ்பிரிட் வாசம் அடிக்கிறது. இங்கே கலிபோர்னியாவில் இன்று காலை எனக்கு ரத்தம் எடுத்தார்கள். பெருங்குடலில் புற்று இருந்தால், அது தன் டிஎன்ஏவைத் துணுக்குத் துணுக்காக ரத்தத்தில் உதிர்க்குமாம். அந்தத் துணுக்குகளின் அடையாளங்களைத் தேடுகிறார்கள். ஒரே ஊசி. உங்களிடம் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. நீங்கள் காலமாகிவிட்ட செய்தி போன மாதமே வந்திருந்தது.

நம் தீவு நாட்டின் பாராளுமன்றத்தைக் கலகக்காரர்கள் துப்பாக்கியோடு பிடித்து வைத்திருந்த ஆண்டு அது. நம் ஊர் புலிலேகாவில் பாதி வீடுகள் வெளிநாடு போக விசாவுக்குக் காத்திருந்தன. தீமிதிக்குக் காப்புக் கட்டுவதற்கு முதல் நாள், கோயில் கொட்டகையில் ஆண்கள் கிறக்கம் தரும் யங்கோனா வேர்ச்சாற்றுச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். ஆஸ்பத்திரி நர்ஸ் நீங்கள், செருப்பை வெளியே விட்டு, பை நிறையச் சிறு டப்பாக்களோடு வந்தீர்கள். குடல் புற்றை முன்பே கண்டுபிடிக்க, மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றீர்கள்.

கோயில் தலைவர், “அம்மன் வாசல்ல பீ டப்பாவா? எடுத்துக்கிட்டுப் போம்மா” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் நகரவில்லை.

“நாக்குல வேல் குத்துவீங்க, நெருப்புல நடப்பீங்க, இந்த டப்பாவுக்கு மட்டும் பயமா? ஒரு ஊசியில இதக் கண்டுபிடிக்கிற காலம் வரும். அன்னிக்கு நீங்கதான் வரிசைல முதல்ல நிப்பீங்க.”

உங்களை அனுப்பிவைக்க என் அண்ணன் ஒரு டப்பாவை வாங்கிக்கொண்டார். அதில் தூண்டில் முள் போட்டு வைத்தார். அடுத்த கரும்பு வெட்டு முடிவதற்குள் குடல் புற்றில் போய்விட்டார். வயிற்றுப்புண் என்று ஊருக்குச் சொன்னோம். துக்கத்துக்கு வந்தபோது ஜன்னலோரம் அந்த டப்பாவைப் பார்த்தீர்கள். அண்ணிக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தீர்கள். புறப்படும்போதுதான், “தம்பி, நீ எப்ப வர்ற?” என்றீர்கள். நான் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தேன்.

எனக்கு மன்னிக்க வராது. துப்பாக்கி தூக்கியவர்கள், எங்கள் கரும்பு நிலக் குத்தகையைப் புதுப்பிக்காதவர்கள், அன்று சிரித்தவர்கள், எல்லோரையும் கடல் தாண்டிச் சுமந்து வந்தேன். நீங்களோ மறு வருஷமும் அதே கொட்டகைக்கு அதே பையோடு போனீர்கள். உடன் வேலை பார்த்த நர்சுகள் நியூசிலாந்துக்குக் கிளம்பியபோது உங்களையும் கூப்பிட்டார்கள். “இங்கயாவது என்னத் திட்ட ஆளுங்க இருக்காங்க. அங்க யார் இருக்கா?” என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்றுவரை கைவரவில்லை. முள் கிடந்த டப்பா மட்டும் என்னிடம் இருக்கிறது.

இந்த ஊசியும் எல்லாம் அறிந்ததல்ல. சிறு கட்டிகளைத் தவறவிடலாம். அடையாளம் தெரிந்தால் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தே ஆக வேண்டும். புலிலேகாவுக்கு இந்த ஊசி இன்னும் போய்ச் சேரவில்லை என்கிறார்கள். அங்கே இன்றும் உங்கள் டப்பாதான்.

அதனால் இந்தக் கடிதத்தைக் கோயிலுக்கே அனுப்புகிறேன். காப்புக் கட்டும் நாளில் வாசித்து, இளையவர்களுக்கு அவர்கள் பேசும் இந்தியில் சொல்லட்டும். அங்கே தமிழ் படிக்கத் தெரிந்தவர் இன்று அதே தலைவர் ஒருவர்தான். அவர் மகன்களுக்கு இப்போது என் அண்ணன் போனபோது இருந்த வயது. நான் அவரை மன்னிக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும்; உறைமேல் என் பெயரைப் பார்த்தால் பிரிக்காமலே கிழித்துவிடுவார். பாதி படித்ததும் எழுதியது யாரென்று தெரிந்துவிடும். தெரியட்டும், அதற்குள் உங்கள் டப்பாவைப் பற்றிய வரிகளை அவர் படித்துக் கடந்திருப்பார்.

பெயர் போடாமலே தபாலில் சேர்க்கிறேன், அக்கா.