சரிசெய்திருப்பேன்

நவம்பர் 8

பதினோரு வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும்.

இன்று இடைவேளையில் தலைமையாசிரியை மேடம் வோசெல் அறிவித்தார்: லோயிக் ப்ரூனெலுக்கு அரசாங்கத்தின் ஊதா ரிப்பன் விருது, கல்விச் சேவைக்காக. ஆசிரியர் அறையே கைதட்டியது. நானும் தட்டினேன், இரண்டு தட்டு. சேவை என்பது அவன் போட்ட இலக்கணப் பயிற்சி நூல். மூலேன் நகரத்தில் அது இல்லாத புத்தகப்பை இல்லை.

அதில் நாற்பத்திரண்டாம் பக்கம் என்னுடையது.

நவம்பர் 9

எழுதி வைத்துவிடுகிறேன், பின்னால் நானே இல்லை என்று சொல்லிவிடக் கூடாது.

பதினோரு வருடத்துக்கு முன், இலையுதிர்கால விடுமுறைக்கு ஒதில், அப்போது என் மனைவி, தூர் நகரத்தில் இருக்கும் அவள் அக்கா வீட்டுக்குப் போனாள். "கொஞ்ச நாள்" என்றாள். பள்ளி திறந்ததும் நான் நடத்த வேண்டியிருந்தது, எதிர்காலத்தில் ஒரு வேலை முடிந்தே போயிருக்கும் என்று அடித்துச் சொல்கிற காலம். எங்கள் பிரெஞ்சு மொழியில் அதற்குத் தனி அட்டவணையே உண்டு. முரண்டு பிடிக்காத வினைச்சொல் ஒன்றை எடுத்து, தன்மை, முன்னிலை, படர்க்கை, ஒருமை பன்மை சேர்த்து ஆறு வடிவம் காட்ட வேண்டும். நான் எடுத்த சொல் 'சரிசெய்'. நான் சரிசெய்திருப்பேன், நீ சரிசெய்திருப்பாய், அவள் சரிசெய்திருப்பாள் என்று வடிவத்துக்கு ஒரு வாக்கியம். முதலாவது: 'நீ திரும்பி வருவதற்குள் குளியலறைக் குழாயைச் சரிசெய்திருப்பேன்.' நான்காவது: 'அடுத்த கோடைக்குள், உடைத்ததையெல்லாம் நாம் இருவருமே சரிசெய்திருப்போம்.'

ஒதிலுக்கு அனுப்ப வேண்டியதை முப்பது பிள்ளைகளுக்கு நகலெடுத்தேன். கூடவே எங்கள் தொழிலில் எல்லோரும் செய்கிற தப்பையும் செய்தேன். மூலத்தாளை ஜெராக்ஸ் கண்ணாடிமேலேயே விட்டுவிட்டு, மணியடித்ததும் ஓடினேன். திரும்பி வந்து பார்த்தால் இல்லை. எனக்குப் பின்னால் வரிசையில் நின்றிருந்தவன் லோயிக்.

ஒதிலும் திரும்பவில்லை.

நவம்பர் 14

பள்ளி இந்த வருடம் அவன் நூலையே வாங்கியிருக்கிறது. ஆகவே நாற்பத்திரண்டாம் பக்கத்தை இன்று நானே நடத்தினேன். இரண்டாம் வரிசையில் கப்புசீன் கையைத் தூக்கினாள்.

"சார், அந்தாளு கடைசியில குழாயைச் சரிசெஞ்சாரா இல்லையா?"

"கேள்வி அது இல்லை. கோடிட்ட இடத்தை நிரப்பு."

"இவ்ளோ சொல்றவரு செஞ்சிருக்கவே மாட்டாரு சார். எங்கப்பா மாதிரி."

வகுப்பே சிரித்தது. நடத்தைக் குறிப்பில் அவளுக்கு ஒரு கறுப்புப் புள்ளி வைத்தேன்.

குழாய் இன்னும் சொட்டுகிறது.

நவம்பர் 20

காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் அவனை மடக்கினேன். அந்த ஆறு வாக்கியமும் எங்கிருந்து வந்தது?

"ஜெராக்ஸ் மேல கிடந்துச்சு, செவெரன். பேரே இல்ல. இங்க பேர் இல்லாத பேப்பர் எல்லாருக்கும் சொந்தம்தானே? ஏன், உன்னுதா?"

காப்பி இயந்திரத்தின் பொத்தானை இன்னொரு முறை அழுத்தினேன்.

"உன்னுதுன்னா சொல்லுப்பா. புதுப் பதிப்பு வருது. பக்கத்துக்குக் கீழேயே உன் பேரைப் போட்டுடறேன். ஏதாவது ஆதாரம் மட்டும் கொண்டா."

திருடன் இவ்வளவு தாராளமாக இருப்பான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பதினோரு வருடமாகத் தீட்டி வைத்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

நவம்பர் 21

அந்த ஆறு வாக்கியத்துக்கும் முதலில் எழுதிய வரைவுத்தாள் பழைய கோப்பில் கிடைத்துவிட்டது. என் கையெழுத்து, அடித்தல் திருத்தலோடு. இரண்டு இடத்தில் ஒதிலின் பெயரை எழுதி அடித்திருக்கிறேன். அடித்தாலும் படிக்க முடிகிறது. இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. நாற்பத்திரண்டாம் பக்கத்தின் கீழே என் பெயர்! அச்சில் அது வந்ததே இல்லை.

நவம்பர் 27

நாட்காட்டியில் இன்று புனித செவெரன் நாள், என் பெயர் நாள். வருடத்தில் இந்த ஒருநாள் மட்டும் வாழ்த்துச் சொல்ல ஒதில் கூப்பிடுவாள். அவளுடைய இப்போதைய கணவரின் மகன் மாலோவுக்குப் பள்ளியில் லோயிக்கின் புத்தகமாம்.

"வீட்டுப்பாடம் சொல்லிக்குடுத்துட்டு இருந்தேன். அதுல ஒரு வரி வருது, அடுத்த கோடைக்குள்ளன்னு... திரும்பத் திரும்ப அதையே படிச்சேன். யாரோ ப்ரூனெலாம், உங்க ஸ்கூலாமே. தெரியுமா அவரை?"

"தெரியும்."

"அவர் பொண்டாட்டி குடுத்து வச்சவ."

"அவனுக்குக் கல்யாணம் ஆகல."

"அட பாவமே. செவெரன், நீ அப்படி ஒரே ஒரு வரி சொல்லியிருந்தேன்னா, அன்னிக்கே ரயில் ஏறியிருப்பேன். தெரியுமா?"

என்னத்தச் சொல்ல? சொன்னேன்டி, உன்னைத் தவிர முப்பது பேர்கிட்ட சொன்னேன் என்றா? ஏன் என்கிட்ட சொல்லலைன்னு கேட்பாளே.

"அங்க மழையா?" என்று கேட்டேன்.

நவம்பர் 29

லோயிக்குக்குக் கௌரவம். ஆசிரியர் அறையில் காகிதக் கோப்பையில் வெள்ளை ஒயின், நமத்துப்போன பிஸ்கட். சட்டையில் ஊதா ரிப்பனோடு என்னிடம் வந்தான்.

"என்னப்பா, ஆதாரம் எங்க? அடுத்த வாரம் அச்சுக்குப் போகுது."

"என்னுது இல்ல. நான்தான் வேற எதையோ நினைச்சுக் குழப்பிக்கிட்டேன்."

"நானும் அப்பவே நினைச்சேன்" என்று தோளில் தட்டினான். "உனக்கு இவ்ளோ ஈரமெல்லாம் ஏது?"

மேடம் வோசெல்கூடச் சிரித்தார்.

நவம்பர் 30

பதிப்பகத்துக்குக் கடிதம் தட்டச்சு செய்து முடித்தேன். ஒரு பக்கம். நாற்பத்திரண்டாம் பக்கத்தை நீக்குங்கள், அந்த ஆறு வாக்கியங்கள் ப்ரூனெல் எழுதியவை அல்ல, எழுதியவரின் பெயர் மறைக்கப்பட்டிருக்கிறது. கடைசி வரிக்கு அடிக்கோடும் போட்டேன். பிறகு கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தேன்.

யார் வேலை இது என்று லோயிக்குக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிடும். தெரியட்டும். ஊருக்கே தெரிந்தாலும் பரவாயில்லை. அந்த வரிகளை எழுதியது நான்தான் என்று ஒதிலுக்கு மட்டும் உறுதியாகத் தெரிந்துவிடக் கூடாது.

பேனாவை மூடிவிட்டேன். கையெழுத்து இல்லாமலே நாளைக் காலை தபாலில் போடுகிறேன்.