மாடிக் கம்ப்யூட்டரில் மூன்று உயில்கள்

‘அன்புள்ள’ என்று போடக் கை வரவில்லை, அண்ணா.

பிரிண்டர் கீழ்வீட்டில் என்னிடம் இருந்ததால், மாடியில் இருக்கும் உன் கம்ப்யூட்டரிலிருந்து என் கம்ப்யூட்டருக்கு நீதான் கேபிள் இழுத்தாய். உன் பாட்டுகளை எடுத்தால் உனக்கு இல்லாமல் போய்விடுமோ என்று தயங்கினேன். “லூசு, காப்பி பண்ணா ஒரிஜினல் அங்கயேதான் இருக்கும்” என்று சிரித்தாய். ஒரு ஃபோல்டரை மட்டும் ஷேர் பண்ணச் சோம்பல்பட்டு, டிரைவ் முழுவதையும் திறந்துவிட்டாய். பத்து வருடமாக மூடவே இல்லை.

நாளை அப்பாவுக்கு வருஷத் திதி. பெரிதாக்கி மாட்ட ஒரு போட்டோ தேடி இன்று காலை உள்ளே போனேன். ‘அப்பா’ என்ற ஃபோல்டரில் மூன்று உயில்கள் இருந்தன. முதலாவதில் கீழ்வீடு எனக்கு. இரண்டாவதில் பின்னறை மட்டும். மூன்றாவதில் என் பெயரே இல்லை. அதைத்தான் அப்பாவின் கையெழுத்தோடு எல்லோரிடமும் காட்டினாய். “அப்பா எழுதி வெச்சிட்டுப் போனதும்மா, நான் என்ன பண்ண முடியும்?” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாய்.

மூன்றுமே அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு மறுநாள் டைப் செய்தவை. ஃபைல்களிலேயே தேதி இருக்கிறது. அன்று உனக்கு மாடிக்கு டீ கொண்டுவந்தேன். “ஆபீஸ் வேலை” என்றாய்.

காலையிலிருந்து கீழே பிரிண்டர் ஓடிய சத்தம் உனக்குக் கேட்டிருக்கும். நாளை பல்லாவரம் சித்தப்பா முதல் அண்ணியின் அப்பா வரை, இலை போடும் முன்பே ஆளுக்கு ஒரு செட். வக்கீலுக்கு மதியமே போய்விட்டது.

இந்தக் கடிதத்தை அந்த மூன்றுக்கும் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். பதறாதே. நான் எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை. ஒரிஜினல் அங்கேயேதான் இருக்கிறது.

கீழ்வீட்டிலேயே இருக்கப்போகும்
உன் தங்கை