ஐந்தில் ஒன்றும் உன்னுடையதல்ல

டென்மார்க்காரி ஆகிவிட்டவளுக்கு,

உங்கள் ஊர்ப் பத்திரிகையில் ஐந்துக்குப் பூஜ்யம் என்று போட்டிருப்பார்கள். உண்மைதான். பதினேழு வயதுக்குட்பட்டோருக்கான உங்கள் கால்பந்து அணி, எங்கள் ஃபாரோ தீவுப் பெண்களை எங்கள் மைதானத்திலேயே மிதித்துவிட்டுப் போனது. ஆனால் அந்த ஐந்தில் ஒரு கோல்கூட நீ போட்டதல்ல.

"ஃபாரோவில் ஆட்டக்காரிகளைவிட ஆடுகள் நன்றாக ஓடும்" என்று நீ பேட்டி கொடுத்த நாளிலிருந்து உன் பந்தைத் தடுக்கத்தான் பயிற்சி எடுத்தேன். ஆறு வயதிலிருந்து எட்டு வருஷம், நீ இந்த ஊரை விட்டு டென்மார்க் போகும்வரை, உன் பந்தைப் பிடித்தவள் நான். உதைக்குமுன் நீ உதட்டைக் கடித்தால் பந்து இடப்பக்கம் வரும். உனக்கே அது தெரியாது. அன்று மூன்று முறை கடித்தாய். பெனால்டி உட்பட மூன்றையும் பிடித்தேன்.

மற்றவர்கள் உதைத்தபோதும் என் கண் உன்மேலேயே இருந்தது. அப்படித்தான் ஐந்தும் உள்ளே போயின.

"அஞ்சு கோல் வாங்கிட்டு எதுக்குடி சிரிக்கிற?" என்று கத்தினார் கோச் யோவன்னஸ்.

கடைசியில் வரிசையாகக் கைகொடுக்கும்போது உன் கண் சிவந்திருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு நம் ஃபாரோ மொழியில், "நல்லாப் பிடிச்சடி. உங்க அம்மா எப்படி இருக்காங்க? வீட்டுக்கு வரட்டுமா?" என்று கேட்டாய்.

"நன்றி. போய் வாருங்கள்" என்றேன், உங்கள் டேனிஷ் மொழியில், யாரோ ஒருத்திக்குச் சொல்வதுபோல.

கையை முதலில் விட்டது நீதான்.

இப்படிக்கு,
எங்கள் ஊர் கோல்கீப்பர்