காய்ச்சலோடு திரும்பி வந்தது

ஜூலை 8

வணக்கம்.

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்த சேதி உன் அண்ணன் சொல்லித்தான் தெரிந்தது. போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே கத்துகிறோம், அதனால் எதுவாக இருந்தாலும் எழுதிக்கொள்வோம் என்பது நீ அந்த ஊருக்கு வேலைக்குப் போனபோது வைத்த சட்டம். அதன்படி எழுதுகிறேன்.

நெஞ்சுச் சளி குறைந்துவிட்டது. ஆன்டிபயாடிக் முடிந்தது. இருமல் மட்டும் வீட்டைக் காலி பண்ண மனமில்லாத வாடகைக்காரன் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. லீவு போட்டு வந்து பார்த்துக்கொண்டாய், நன்றி. அதைச் சொல்லிவிட்டுத்தான் கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டும்.

தூக்க மாத்திரையை நிறுத்தி எட்டு மாதம் ஆகிறது. எப்படி நிறுத்தினேன் என்று உனக்குத் தெரியும். ஒரே நாளில் தூக்கி எறிந்துவிட்டு வீரம் பேசவில்லை. ஆபீஸ் தராசு அறையில், எல்லோரும் போன பிறகு, கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கிற அந்தத் தராசில் வைத்து, பிளேடால் சுரண்டிச் சுரண்டி, ஒவ்வொரு வாரமும் முந்தைய வாரத்தைவிட ஒரு பொட்டுக் குறைவாக நிறுத்து எடுத்து வந்தேன். ஒன்றரை வருடம் அப்படி. ஊரிலுள்ள கடைக்காரர்களின் எடைக்கல்லையெல்லாம் சரிபார்த்து முத்திரை குத்துகிறவன் தன் மாத்திரையைத் தப்பாக நிறுக்க மாட்டான்.

அந்த ஒன்றரை வருடம் பட்டது உனக்குத் தெரியாது, நீ இங்கே இல்லை. காதுக்குள் ரீங்காரம். விளக்கு வெளிச்சம் கண்ணில் ஊசியாய்க் குத்தும். தோலுக்கடியில் எறும்பு ஓடும். பாத்திரம் உருண்டால் உயிர் தொண்டைக்கு வரும். எதற்கென்று தெரியாத பயம். நிறுத்திய சில வாரங்களில் எல்லாம் ஒழிந்தது. பிறகு எட்டிப் பார்க்கவில்லை. இந்தக் காய்ச்சலின் மூன்றாம் நாள் அத்தனையும் திரும்பி வந்தது, ஒன்று பாக்கியில்லாமல்.

யோசித்துப் பார்த்தேன். மாத்திரை ஒரு தடவையாவது உள்ளே போய் இறங்கியிருந்தால்தான் உடம்பு மறுபடி இப்படிக் கேட்கும். நான் விழுங்கவில்லை. வீட்டில் இருந்தது நாம் இரண்டு பேர்.

கஞ்சியிலோ பாலிலோ எதையாவது கலந்து கொடுத்தாயா? ஆமாம் அல்லது இல்லை, அது போதும். விளக்கம் கேட்டால் நீ என் அம்மா காலத்திலிருந்து ஆரம்பிப்பாய்.

நான்


ஜூலை 14

அன்புள்ள இன்ஸ்பெக்டர் ஐயா அவர்களுக்கு,

இல்லை.

ஒரு சொல் போதும் என்கிறீர்கள். ஆனால் தபால்தலை ஒட்டியாகிவிட்டது, மிச்சத் தாளை வீணாக்குவானேன்.

இன்று எங்கள் லேபில் ஒருவருக்கு மேல்வரிசைப் பல் செட் தயாராக வேண்டும். அளவெடுக்க மெழுகைக் கடிக்கச் சொன்னால் கடிக்க மாட்டேன் என்கிறாராம். எப்படியும் தப்பாகத்தான் செய்வீர்கள், எதற்குக் கடிக்க வேண்டும் என்று பல் டாக்டரிடம் சண்டை. உங்களை நினைத்துக்கொண்டேன்.

நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. ஜன்னலுக்குப் போர்வை கட்டச் சொன்னீர்கள். நான் அடுக்களையில் நடந்தால் "யாரு, யாரு அங்க" என்று கேட்டீர்கள். நெற்றியில் ஈரத்துணி போட வந்தால் என் கையைப் பிரித்துப் பார்த்தீர்கள். அப்புறம் அந்தப் பால் டம்ளரை மோந்து பார்த்துவிட்டு, "மூணு வேளையும் நீதானே குடுக்கிறே, வேற யாரு கலப்பா? எந்திரிச்சு வெளியே போடி" என்றீர்கள். பக்கத்து வீட்டு டீச்சர் அவர்கள் பக்கத்து ஜன்னலை மெதுவாகச் சாத்திக்கொண்டார். நமக்காக அவர் வெட்கப்பட்டார்.

அதோடு விட்டீர்களா? அண்ணன் போன் செய்து, "என்னம்மா, மாப்பிள்ளைக்கு மருந்து கலந்தியாமே" என்கிறான். சிரித்துக்கொண்டே கேட்டான். அவன் சிரித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. உங்களை வைத்து அவனுக்கு ஒரு சிரிப்பு, என்னை வைத்து ஒரு சிரிப்பு.

அந்த மாத்திரை எனக்குச் செய்தது போதாதா? நான் குளியலறையில் விழுந்து இடுப்பு உடைந்து கிடந்து கூப்பிட்டேன். நீங்கள் அடுத்த அறையில் தூங்கினீர்கள். கதவை உடைத்தவர் அதே டீச்சரின் புருஷன். அதற்குப் பிறகுதான் இங்கே வேலை தேடிக்கொண்டு வந்தேன். நீங்கள் மாத்திரையை விட்டுவிட்டதாக எழுதியபோது லேபில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன், காரணம் சொல்லாமல். அந்த நான் போய் உங்களுக்கு அதைக் கொடுப்பேனா?

டாக்டரிடம் போங்கள். அப்புறம் ஒன்று. இந்த வருடத்தோடு இங்கே கணக்கை முடித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். அதைச் சொல்லத்தான் வந்தேன், காய்ச்சல் இறங்கட்டும் என்று காத்திருந்தேன். இப்போது, என்னை நம்புகிறேன் என்று உங்கள் கையால் எழுதி வரட்டும், வருகிறேன். எழுத வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ராங்கி (நீங்கள் வைத்த பெயர்தான்)


ஜூலை 27

அன்புள்ள ராங்கிக்கு,

டாக்டரிடம் போனேன். பழைய ஆளிடம் இல்லை. எனக்குக் கீழே வேலை பார்த்தவனுக்குப் பதவி உயர்வு கொடுத்து என்னை அவன் முன்னால் நிற்க வைத்தார்களே, அப்போது "ரெண்டு வாரம் போட்டுக்குங்க, டென்ஷன் குறையும்" என்று சீட்டு எழுதிய புண்ணியவான் அவர். அந்த இரண்டு வாரம் பதினோரு வருடம் ஓடியது. இப்போது அவர் நாற்காலியில் அவர் மகன் உட்கார்ந்திருக்கிறான். அந்தத் தெருப் பக்கமே நான் போவதில்லை.

நான் போனது வேறு டாக்டரிடம். இவர் சின்னப் பையன். மீசையை இப்போதுதான் தீர்மானித்துக்கொண்டிருக்கிறார். நான் என் தராசுக் கதையைச் சொல்லி, இது திரும்பி வர வழியே இல்லை, யாரோ கொடுத்திருக்க வேண்டும் என்றேன்.

"மாத்திரை திரும்ப உள்ளே போனாத்தான் வரணும்னு இல்ல சார். சிலருக்கு நிறுத்திப் பல மாசம் ஆன பிறகும், காய்ச்சல், தூக்கம் கெடுறது, ஏதாவது பெரிய கவலை, இப்படி உடம்பு தளர்ற நேரத்துல பழைய தொந்தரவு வந்து கொஞ்ச நாள் இருந்துட்டுப் போகும். சில ஆன்டிபயாடிக்கும் கிளப்பி விடும்னு சொல்றாங்க. வெறும் காய்ச்சலே படபடப்பைக் குடுக்கும். எல்லாருக்கும் வராது. ஏன் வருதுன்னு முழுசா எங்களுக்கும் தெரியாது."

"அப்ப உங்களுக்கு என்னதான் தெரியும்?"

"ரத்தம் எடுத்துப் பார்க்கத் தெரியும். கையை நீட்டுங்க."

வேறு நோய் எதுவும் இல்லை என்று வந்தது. நன்றாகச் சாப்பிட்டு, ஓய்வெடுத்து, பொறுத்திருந்தால் அடங்கிவிடும், பயந்துபோய் மறுபடி மாத்திரையைத் தொட்டுவிடாதீர்கள் என்றார். அடங்கியும் வருகிறது. ரீங்காரம் இப்போது எப்போதாவதுதான்.

ஆகவே 8ஆம் தேதிக் கடிதத்தில் கேட்ட கேள்வியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். எழுதியபின் படித்துப் பார்த்தால் ஆபீஸ் கடிதம் மாதிரி இருக்கிறது. வேறு மாதிரி எழுத வரவில்லை. உன் அண்ணன் வீட்டுக்கும் போனேன். காலில் செருப்போடு வாசலிலேயே நின்று, நான் சொன்னது தப்பு, காய்ச்சலில் உளறிவிட்டேன் என்றேன். "அட, அதை நான் அப்பவே மறந்துட்டேன் மாப்பிள்ளை" என்றார். மறக்கவில்லை, முகம் சொல்லியது. உன் அண்ணி காபி கொண்டுவந்தாள். நின்றபடியே குடித்துவிட்டு வந்தேன்.

நீ கிளம்பி வா.

நான்


ஆகஸ்ட் 5

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. அண்ணியும் சொன்னாள். நீங்கள் யார் வாசலிலும் போய் அப்படி நின்றதில்லை. அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீங்கள் நினைக்கிற காரணத்துக்காக இல்லை.

நான் சொல்லி நீங்கள் நம்பவில்லை, மீசை முளைக்காத டாக்டர் சொல்லித்தான் நம்பினீர்கள் என்று ஒரு பக்கம் திட்டி எழுதினேன். கிழித்துப் போட்டேன். திட்ட எனக்கு யோக்கியதை இல்லை.

நான் எதையும் கொடுக்கவில்லை. அது சத்தியம். ஆனால் அது மட்டும்தான் சத்தியம்.

மாத்திரையை நிறுத்தியபோது கடைசி அட்டையைக் கவரில் போட்டு எனக்கு அனுப்பினீர்கள், நீயே தூக்கி எறி, நீ எறிந்தால்தான் நம்புவாய் என்று. நான் எறியவில்லை. கைப்பையின் உள்ஜிப்பில் வைத்துக்கொண்டேன். ஏன் என்று என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். நீங்கள் என்றாவது தாங்காமல் போனால் என்று ஒரு பயம். அவ்வளவுதான் சொல்ல முடிகிறது.

ஐந்தாம் நாள் மத்தியானம் நீங்கள் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்துகொண்டு, துண்டை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு அழுதீர்கள். என்னால் பார்க்க முடியவில்லை. அடுக்களைக்குப் போய், ஒன்றை எடுத்து உடைத்து, பாதியை இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்துப் பொடித்தேன். பாலில் போட்டுக் கலக்கினேன். கொண்டுவந்து நீட்டினேன். நீங்கள் மோந்து பார்த்துவிட்டுக் கத்தினீர்கள். எடுத்துப் போய்த் தொட்டியில் ஊற்றிவிட்டேன்.

நீங்கள் கத்தியிருக்காவிட்டால் குடித்திருப்பீர்கள். எட்டு மாதத்தை நான் என் கையால் கெடுத்திருப்பேன். அதை மறைத்துக்கொண்டுதான் போன கடிதத்தில் அவ்வளவு ரோஷமாக எழுதினேன். குற்றம் சாட்டியது சரி என்பதால்தான் அவ்வளவு கோபம்.

என் பொய்யை நம்பி நீங்கள் அண்ணன் வாசலில் நின்றதாக இருக்கக்கூடாது. அதனால்தான் எழுதிவிட்டேன்.

ராங்கி


ஆகஸ்ட் 9

கடிதம் கிடைத்தது.

எனக்கு அப்போதே தெரியும். உன் அண்ணனிடம் கேட்ட மன்னிப்பை இப்போது எந்த முகத்தோடு திரும்பக் கேட்பது என்று நீயே சொல். ஒன்றரை வருடம் நான் ஒவ்வொரு பொட்டாக நிறுத்துக் குறைத்ததை நீ இரண்டு கரண்டியில் முடித்துவிடப் பார்த்தாய். உன் அம்மா "தூக்க மாப்பிள்ளை" என்று எனக்குப் பெயர் வைத்தாள். அதை நிலைக்க வைக்க நீ பாடுபட்டிருக்கிறாய்.

வேறொன்றும் இல்லை.


செப்டம்பர் 3

அன்புள்ள ராங்கிக்கு,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நான் அனுப்பியது பதில் போடக்கூடிய கடிதமும் இல்லை.

போன வாரம் ஜலதோஷம் பிடித்தது. லேசான காய்ச்சல். காதில் மறுபடி ரீங்காரம் கிளம்பியது. ஆபீஸில் ஒரு எடைக்கல்லைக் கீழே போட்டேன். பதவியில் என்னை முந்திப் போனவன் குனிந்து எடுத்துக் கொடுத்து, "வீட்டுக்குப் போங்க சார், நான் பார்த்துக்கிறேன்" என்றான். அவனை நான் பதினோரு வருடம் கரித்துக்கொட்டியிருக்கிறேன். போய்ப் படுத்துக்கொண்டேன். இது என்ன என்று இப்போது தெரிந்திருப்பதால் பயம் கொஞ்சம் குறைவு. அடங்கிவிட்டது.

படுத்திருந்தபோது அந்த மத்தியானத்தைத் திரும்பத் திரும்ப நினைத்தேன். நீ உன் பாதியை எழுதிவிட்டாய். என் பாதியை எழுதுகிறேன்.

டம்ளரின் உள்விளிம்பில் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது. பார்த்தவுடன் தெரிந்துகொண்டேன். எனக்குத் தெரியாத பொடியா? கை டம்ளரை நோக்கிப் போனது. வாய் ஊறியது. அதற்குப் பிறகுதான் கத்தினேன். நீ நினைக்கிற மாதிரி நான் தப்பித்துக்கொள்ளவில்லை. இன்னும் ஒரு மூச்சு விட்டிருந்தால் குடித்திருப்பேன், அதனால் கத்தினேன். டீச்சர் ஜன்னலைச் சாத்தும் அளவுக்குக் கத்த வேண்டியிருந்தது.

நீ முகம் கழுவப் போனாய். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அடுக்களைக்கு வந்தேன். தொட்டிக்குள் விரலை விட்டுத் தடவி நக்கினேன். இரண்டு கரண்டியையும் எடுத்து நக்கினேன். நீ கழுவியிருந்தாய், தண்ணீர் ருசிதான். நீ வரும் சத்தம் கேட்டு வந்து படுத்துக்கொண்டு, உன்னை இன்னும் இரண்டு வார்த்தை திட்டினேன்.

முதல் கடிதத்தில் அந்தப் பொடியைப் பற்றி நான் ஏன் ஒரு வரிகூட எழுதவில்லை என்று நீ கேட்கவில்லை. ஒரு பெட்டிக்கடையில் கல் ஒரு நூல் தேய்ந்திருந்தாலும் சாட்சியோடு எழுதுகிறவன் நான். கையில் அவ்வளவு பெரிய சாட்சி இருந்தும் ஆமாமா இல்லையா என்று மட்டும் கேட்டேன். பொடியை எழுதினால் கரண்டியையும் எழுத வேண்டிவரும். டாக்டரிடமும் சொல்லவில்லை. உன் அண்ணன் வாசலில் நின்றபோதும் அதை உள்ளே வைத்துக்கொண்டுதான் நின்றேன்.

மற்ற வேளைகளில் நீ கொடுத்தது வெறும் கஞ்சி, வெறும் பால். அந்த ஒரு டம்ளரைத் தவிர உன் கையால் எனக்கு ஒன்றும் வரவில்லை. அதுவும் நான் அழுததைப் பார்க்கச் சகிக்காமல். உன்னை நம்புகிறேன். இதை எழுதினால் வருவதாகச் சொல்லியிருந்தாய். எழுதிவிட்டேன்.

ஆனால் வராதே.

உன் கடிதத்தைப் படித்தபோது எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை. கோபத்தை அரைமணி நேரம் கழித்து நானே வரவழைத்துக்கொண்டேன், அதற்குள் ஒளிந்துகொள்ளலாம் என்று. முதலில் வந்த நினைப்பு, அந்த அட்டையில் இன்னும் எத்தனை மிச்சம் இருக்கும் என்பது. உன் கைப்பையின் உள்ஜிப் எந்தப் பக்கம் என்றுகூட யோசித்துவிட்டேன். இதை எழுதுகிற இந்த நிமிடமும் அந்த நினைப்பு போகவில்லை.

அதை இன்றைக்கே தூர எறிந்துவிடு. எறிந்தாயா, மிச்சம் எத்தனை இருந்தது என்று விசாரித்து என்னிடமிருந்து கடிதம் வரும். அன்பாகத்தான் எழுதியிருப்பேன். பதில் போடாதே.

நான்