மேவிஸ் போட்ட கையெழுத்து

வினிபெக்,
மார்ச் 9, திங்கள்

அன்பு மகள் ஜோலீனுக்கு அம்மா எழுதுவது. நான் சாப்பிட்டு நடமாடிக்கொண்டுதான் இருக்கிறேன், முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. நீயும் பிள்ளை ரோரியும் அங்கே சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கவேண்டும் என்பதுதான் தினமும் என் நினைப்பு. ஊர் மாறும்வரை ரோரியைப் பார்த்துக்கொண்டதற்குக் கொடுத்த பணத்தை இந்தத் தடவையும் வரியில் கழிக்கவேண்டும், பக்கத்து வீட்டு மேவிஸிடம் ரசீது வாங்கி அனுப்பு என்று கேட்டிருந்தாய். ரசீது இந்த உறையிலேயே இருக்கிறது. மேவிஸ்தான் இல்லை. போன வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் போய்விட்டாள். போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போன ஏப்ரலில் உனக்கு வரிக்கணக்கு எழுதித்தந்த ஆள், மூன்று வருஷச் செலவையும் சேர்த்தே கழிக்கலாம், பார்த்துக்கொண்டவருடைய அடையாள எண்ணும் கையெழுத்தும் வேண்டும் என்றான் இல்லையா, வேலைக்கு நேரமாச்சு என்று நீ என்னைத்தான் அனுப்பினாய். மேவிஸ் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "வெல்மா, நுரையீரல் கெட்டுப்போச்சுன்னு எனக்கு உதவித்தொகை வருது, இந்தப் பணத்தை நான் அவங்ககிட்ட சொல்லல, தெரிஞ்சா நிறுத்திடுவாங்கடி" என்றாள். நான்தான், "ஒரு தாளை யாரு உட்கார்ந்து பார்க்கப்போறாங்க, எம் பொண்ணு ஒண்டியா பிள்ளைய வளர்க்குது" என்றேன். அவள் பேனாவைத் தேடி எடுத்துக் கையெழுத்துப் போட்டுத் தந்தாள். அப்படி வரியில் திரும்பி வந்த பணத்தில்தான் நீ ஹாலிஃபாக்ஸ் வீட்டுக்கு முன்பணம் கட்டினாய். அக்டோபரில் அவளுக்குக் கடிதம் வந்திருக்கிறது, அந்த ரசீதை வைத்துக் கண்டுபிடித்து உதவித்தொகையை நிறுத்தி, வாங்கியதையும் மாதாமாதம் திருப்பிக் கட்டச் சொல்லி. என்னிடம் மூச்சுவிடவில்லை. டிசம்பரில் வீட்டுக்குள்ளேயே கோட்டும் கம்பளித் தொப்பியுமாக உட்கார்ந்திருந்தாள், என்னடி கோலம் என்றால், "பொறாமைப்படாத, இந்த வருஷ ஸ்டைல் இதுதான்" என்கிறாள், நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஹீட்டரை அணைத்து வைத்திருந்தது எனக்குத் தெரியவில்லை. பிப்ரவரி கடைசியில் மூச்சு முட்டித் தரையில் கிடந்தாள், நிமோனியா என்றார்கள். ஆஸ்பத்திரியில் ஒருநாள், "ஜோலீன் ரசீது கேட்கும், எழுதி டிராயர்ல வச்சிருக்கேன்" என்றாள். நேற்று அதை எடுக்கப்போனபோதுதான் அடியில் அந்தக் கடிதத்தைப் பார்த்தேன்.

நீ கேட்டது சட்டப்படி உனக்குள்ள உரிமை, உன்மேல் எனக்குக் கோபமில்லை. அவள் சொன்னதைக் கேட்டும் கேட்காதவள் நான்தான். அவளை அடக்கம் பண்ண ஆறு பேர் வந்திருந்தோம், பாதிரியார் நீங்கள் யார் என்று கேட்டபோது பக்கத்து வீடு என்று மட்டும் சொன்னேன். ரசீதை அனுப்புவதும் கிழிப்பதும் உன் இஷ்டம், இனி அவளுக்கு யாரும் எதையும் நிறுத்த முடியாது.

உன்னையும் பிள்ளையையும் கடவுள் கூடவே இருந்து காக்கட்டும். ஒன்றே ஒன்று மறக்காதே. ரோரி ஞாயிறுதோறும் மேவிஸுக்குப் போன் பண்ணுவான் இல்லையா, நேற்று அந்தக் கடிதத்தோடு நான் அவள் சமையலறையில் நின்றபோது மணி அடித்தது. அவன்தான் என்று தெரியும். அடித்து ஓயும்வரை நின்றுகொண்டிருந்தேன். விரைவுத் தபாலில் போடுகிறேன், வருகிற ஞாயிறுக்குள் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து நீயே சொல்லிவிடு.

உன் அம்மா
வெல்மா