தூங்காத லைட்டு

ஜூலை 7, திங்கள்

மூன்றாம் பெட்டி விளக்கு இன்றும் அணையவில்லை. எரிச்சல் மண்டைக்கு ஏறுகிறது. ரயிலின் வெளிப்பக்கத்தில் பெட்டிக்கு ஒன்றாக இருக்கும் அந்த மஞ்சள் விளக்குக்கு ஒரே அர்த்தம்தான்: இந்தப் பெட்டியில் ஏதோ ஒரு கதவு மூடவில்லை. எல்லா விளக்கும் அணைந்தால்தான் ரயில் கார்டான நான் கை காட்டுவேன். நான் கை காட்டினால்தான் டிரைவர் ரயிலைக் கிளப்புவார். இந்தச் சனியன், கதவு மூடிய பிறகும் எரிகிறது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கி ஓடி, கதவு கதவாகத் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன். இந்த வயதில் இந்த ஓட்டம் தேவையா? மேலதிகாரி விக்னேஸ்வரன் போனில் கத்துகிறார்: “தினம் லேட்டுன்னா எப்படிலா?”

ஜூலை 11, வெள்ளி

பாரிட் புந்தார் பக்கம் ஒரு சின்ன ஊரில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் ஹஃபீஸா அக்கா, வாராவாரம் ஈப்போ பாசார் சந்தையில் சாமான் வாங்கிக்கொண்டு என் ரயிலில்தான் போவார். இன்று நான் மூச்சு வாங்க ஓடுவதைப் பார்த்துவிட்டார். “தம்பி, ஒங்க லைட்டு தூங்கவே தூங்காது போல! அதுக்குக் கோப்பியக் கொறைங்கலா!” எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஜூலை 16, புதன்

பட்டறை ராஜு அந்த விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டிவிட்டான்.

“பார்ட் இன்னும் வரலண்ணே. பேசஞ்சருங்க போட்டோ புடிச்சுப் போடுறாங்க. ஒட்டச் சொன்னதே விக்னேஸ்வரன்தான்லா.”

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. முட்டி வலி உயிரை எடுக்கிறது.

ஜூலை 23, புதன்

இந்த வாரம் ரயில் ஒரு நாள்கூட லேட்டில்லை. நானும் ஓடவில்லை.

ஜூலை 25, வெள்ளி

எழுத முடியவில்லை.

மழை. ஹஃபீஸா அக்கா இறங்கும் ஸ்டேஷன் வளைவில் இருக்கிறது. என் இடத்திலிருந்து மூன்றாம் பெட்டிக் கதவு தெரியாது, விளக்கு மட்டும்தான் தெரியும். ஒரு விளக்கும் எரியவில்லை. கை காட்டினேன். ரயில் நகர்ந்தது. அப்புறம் அந்தக் கத்தல். அக்கா இறங்கிவிட்டிருக்கிறார். சாமான் பை கதவில் மாட்டிக்கொண்டது, அதன் வாரைக் கையில் சுற்றியிருந்தார். கதவு பாதிதான் மூடியிருந்தது. ரயில் அவரை இழுத்துக்கொண்டே போனது.

டேப்புக்குள்ள லைட்டு எரிஞ்சிருக்கும். எரிஞ்சிக்கிட்டேதான் இருந்திருக்கும். ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன்?

ஜூலை 27, ஞாயிறு

ஆஸ்பத்திரியில் அக்கா போய்விட்டார்.

ஜூலை 28, திங்கள்

டேப்பைக் காணோம். அத்தனை நாள் வராத பார்ட் ஒரே ராத்திரியில் வந்து, விளக்கு ஒழுங்காக எரிந்து அணைகிறது. ராஜு என் முகத்தைப் பார்க்கவில்லை. விக்னேஸ்வரன் என் தோளில் கை போட்டார். “விசாரணையில லைட்டு எரியறதப் பாக்கலன்னு மட்டும் சொல்லுங்க. பொய் இல்லையே. கதவுக் கோளாறுன்னு முடிஞ்சிரும். டேப்புன்னு வாயத் தொறந்தா ராஜுவும் போவான், நீங்களும் போவீங்க.”

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காலையில் என் மனைவி புஷ்பராணி சீருடைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். “உள்ளதச் சொல்லிட்டு வாங்க,” என்றாள். டேப் விஷயம் அவளுக்குத் தெரியாது.

விளக்கு எரிவதைப் பார்த்தீர்களா என்று விசாரணையில் கேட்டார்கள். பார்க்கவில்லை என்றேன். பொய் இல்லை. அதுதான் இன்னும் கேவலம்.

வெளியே வந்ததும் அக்காவின் கணவர் ஷரபுதீன் பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். “தூங்காத லைட்டுன்னு வீட்டுல சொல்லிச் சொல்லிச் சிரிப்பா தம்பி. அன்னிக்கு மட்டும் எப்படித் தூங்குச்சு?”

“தெரியல பாய்.”

மனுசனா நான்?

ஆகஸ்ட் 22, வெள்ளி

இன்று பாய் பாசார் சாமானோடு என் ரயிலில் வந்தார். இனி அவர்தானே வாங்கப் போகவேண்டும். தன் ஊரில் இறங்கியவர் வீட்டுக்குப் போகவில்லை. வளைவில் எனக்குத் தெரியும்படி தள்ளி நின்று, மூன்றாம் பெட்டியின் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அணைந்தது.

“அணைஞ்சிருச்சு தம்பி,” என்று என் பக்கம் குரல் கொடுத்தார். “போலாம்.”

கை எழவில்லை. இறங்கி அவரிடம் நடந்தேன்.

“கறுப்பு டேப் ஒட்டியிருந்தோம் பாய். உள்ள எரிஞ்சிக்கிட்டுதான் இருந்துச்சு.”

அவர் பையைக் கீழே வைத்தார். டிரைவர் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தார்.

ஆகஸ்ட் 25, திங்கள்

புஷ்பராணி வழக்கம்போல் சீருடையை இஸ்திரிக்கு எடுத்தாள். இனி வேண்டாம் என்றேன்.