சணப்பு பூத்துவிட்டது

என்னங்க,

பாப்பா தூங்கிவிட்டாள். சளி குறைந்திருக்கிறது. ஆனாலும் எனக்கு மனசு கேட்காமல் அவள் நெஞ்சைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன்.

வருஷா வருஷம் தக்காளியே போட்டுச் சத்துப்போன பாத்தியில் சணப்பு விதைத்துவிட்டுப் போனீர்கள். "பூ வர்றப்போ அப்பா வந்து வெட்டி மண்ணோட புரட்டிடுவேன், அதுதான் மண்ணுக்குச் சாப்பாடு" என்று அவளிடம் சொன்னீர்கள். அன்றிலிருந்து தினமும் எழுந்ததும் மொட்டு பார்க்க ஓடினாள்.

பூ வந்து, இப்போது காயும் பிடித்துவிட்டது. தண்டு முற்றினால் சீக்கிரம் மக்காது. அதனால் இன்று நானே மண்வெட்டியை எடுத்தேன். "வெட்டாதம்மா! வெட்டிட்டா அப்பா எதுக்கு வருவாரு?" என்று காலைக் கட்டிக்கொண்டாள்.

"அடுத்து வெண்டை போடணும்டா செல்லம்" என்றேன்.

நேற்று உங்கள் போனை எடுத்த பெண், நீங்கள் குளிப்பதாகச் சொன்னாள். நான் யாரென்று அவள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பாத்தி முழுக்கப் புரட்டியாகிவிட்டது. கையெல்லாம் கொப்புளம், பேனா பிடிக்க வலிக்கிறது. நீங்கள் வரப்போவதில்லை என்றால் அதைப் பாப்பாவிடம் நீங்களே சொல்லுங்கள். உங்கள் வேலைகளில் ஒன்றை இன்று நான் செய்துவிட்டேன். இதை மட்டும் செய்ய மாட்டேன்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா